ஆடும் கப்பலும் ஓடிய கப்பலும்

நமது பங்கின் பாதுகாவலர் திருவிழா தொடங்கிவிட்டால், கோயிலுக்கு எதிரேயுள்ள திடலில் கடைகள் முளைத்துவிடும். பொரியும் பேரீச்சம்பழமும் வளையலும் பலூனும் விற்கும் கடைகளுக்கு அப்பால் குடை இராட்டினமும் பெரிய இராட்டினமும் நிற்கும். சில ஆண்டுகளாக அவற்றின் அருகே, இரண்டு இரும்புக் கால்களுக்கிடையே தொங்கும் ஒரு கப்பலும் வந்து சேர்கிறது. முன்னும் பின்னுமாக வானளாவ வீசி ஆடும் அந்தக் கப்பலை நம் மக்கள் ‘கொலம்பஸ்’ என்றே அழைக்கிறார்கள். வீராம்பட்டினத்து ஆடித் தேரோட்டமானாலும், வில்லியனூர் லூர்து அன்னையின் திருவிழாவானாலும், மக்கள் திரளும் இடங்களில் இராட்டினங்களும் திரள்வது நாம் நன்கறிந்த காட்சியே. ஆகையால் இக்கப்பலை நாம் பல ஆண்டுகள் பார்த்தும் பாராதவராகவே கடந்து சென்றிருந்தோம்.

அவ்வாறு கடந்து செல்ல இயலாத மாலை ஒன்று வந்தது. நவநாள் வழிபாட்டுக்கு முன்பாக, குவாதலூப் தீவிலிருந்து வந்த ஓர் அம்மையார் பங்கு அலுவலகத்தில் நமக்காகக் காத்திருந்தார். நிறமும் முகமும் நம் ஊர்ப் பெண்மணிக்குரியவை, பேச்சோ பிரெஞ்சு. குருமடத்தில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சைக் கொண்டு நாம் உரையாடினோம். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் அவருடைய முன்னோர் ஒருவரின் பெயர், கப்பலேறியபோது அவருக்கு இடப்பட்ட எண், புறப்பட்ட இடமாகப் ‘புதுச்சேரி’ என்ற சொல் ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. “மொம்பேர், உங்கள் திருமுழுக்குப் பதிவேட்டில் இந்தப் பெயர் இருக்குமா?” என்று கேட்டார்.

நாம் பழைய ஏடுகளை எடுத்துப் புரட்டினோம். கப்பலேறியவர்களுள் மிகப் பலர் இந்து சமயத்தினர். அவர்கள் பெயர் நம் ஏட்டில் இருக்க வழியில்லை. இருந்திருக்கக்கூடிய சில பக்கங்களையும் கறையான் தின்றிருந்தது. ஒரு மணி நேரம் தேடிய பின் ஏட்டை மூடினோம். வெறுங்கையோடு அவரை அனுப்ப மனமின்றித் திருவிழாத் திடலைக் காட்ட அழைத்துச் சென்றோம். அங்கே ஆடிக்கொண்டிருந்த கப்பலைச் சுட்டி, “இதற்குப் பெயர் என்ன?” என்றார் அவர். “கொலம்பஸ்” என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “எங்கள் தீவுக்குப் பெயரிட்டவரும் அவர்தான்” என்றார்.

இக்கட்டுரை அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு விளையாட்டுக் கப்பலின் வரலாற்றைத் தேடப் புகுந்த நாம், நம் கடற்கரையிலிருந்தே புறப்பட்ட வேறொரு கப்பலிடம் வந்து நின்றோம்.

ஊசலும் படகும்

ஆடி மகிழ்வது மனிதனுக்குப் புதிதன்று. தொட்டிலில் தொடங்கும் ஆட்டம் மரக்கிளை ஊஞ்சலில் தொடர்கிறது. திருமண வீட்டில் மணமக்களை ஊஞ்சலில் அமர்த்தும் வழக்கம் இன்றும் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ‘ஊசல் வரி’ என்ற பகுதியே அமைந்துள்ளது. பழந்தமிழர் ஊஞ்சலை ஊசல் என்றனர். பள்ளியில் அறிவியல் பயிலும் நம் பிள்ளைகள், நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு ஆடுவதைத் ‘தனி ஊசல்’ என்று கற்கிறார்கள். இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் நம் மொழியில் ஒரே சொல் அமைந்திருப்பது மகிழ்ச்சி தருவதாகும்.

ஐரோப்பியச் சந்தைகளில் இந்த ஊஞ்சல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகின் வடிவம் பெற்றது. இருவர் எதிரெதிரே அமரக்கூடிய சிறு மரப்படகு ஒன்று சட்டத்திலிருந்து தொங்கும். இங்கிலாந்தில் இருவரும் ஆளுக்கொரு கயிற்றை மாறி மாறி இழுத்து அதை ஆட்டினர். செருமானியர் அதனைக் ‘கப்பல் ஊஞ்சல்’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அவர்கள் படகில் நின்றுகொண்டு உடலை வளைத்து உந்தி ஆடினர். இவ்வாட்டத்தின் வேகம் ஆடுபவருடைய கையிலும் காலிலும் இருந்தது. அஞ்சியவர் கயிற்றை விட்டுவிட்டால் போதும். படகு தானே அடங்கிவிடும்.

அச்சத்தைத் தாமே அளந்து எடுத்துக்கொண்ட அந்தச் சிறு படகு, பலரை ஒருசேர ஏற்றி இயந்திரத்தின் வசம் ஒப்படைக்கும் பெருங்கப்பலாக மாறியது எப்படி? அதற்கு நாம் அமெரிக்க நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

சிகாகோவும் டல்சாவும்

1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் ஓர் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதன் பெயரே ‘கொலம்பியப் பொருட்காட்சி’. கொலம்பஸ் 1492இல் அக்கரையை அடைந்ததன் நானூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடவே அது கூட்டப்பட்டது. நம் நாட்டவர் அதனை வேறொரு காரணத்தால் நினைவில் வைத்திருக்கிறார்கள். சுவாமி விவேகானந்தர் செப்டம்பர் 11 அன்று உரையாற்றிய சர்வசமயப் பேரவை, அந்தப் பொருட்காட்சியை ஒட்டிக் கூடியதே.

அப்பொருட்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரத்தில் ஓர் இரும்புச் சக்கரத்தை நிறுவினார். அதில் 36 பெட்டிகள். ஒவ்வொன்றும் 60 பேரைக் கொள்ளும். நம் திருவிழாக்களில் சுழலும் பெரிய இராட்டினத்துக்கு மூதாதை அதுவே. மேலும், கொலம்பஸின் மூன்று கப்பல்களைப்போலவே ஸ்பெயின் நாட்டில் கட்டப்பட்ட மூன்று மரக்கலங்கள் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன.

அந்த ஆண்டுக்கும் 1897க்கும் இடைப்பட்ட காலத்தில், டல்சா என்னும் ஊரைச் சேர்ந்த சார்லஸ் ஆல்பர்ட் மார்ஷல் என்பவர் ஆடும் பெருங்கப்பலை உருவாக்கினார் என்று பொழுதுபோக்குக் கருவிகளின் வரலாறு கூறுகிறது. ‘பெருங்கடல் அலை’ என்பது அவர் அதற்கு இட்ட பெயர். 1897இல் மார்ஷல் சகோதரர்களின் சர்க்கஸில் அது முதன்முதலாக மக்களுக்குக் காட்டப்பட்டது. டல்சா அமெரிக்காவின் நடுப்பகுதியில், எந்தக் கடலுக்கும் பல நூறு கல் தொலைவில் உள்ள ஊர். கடலையே காணாத உழவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் அலையின் ஏற்ற இறக்கத்தைக் காசுக்கு விற்றது அந்தக் கருவி!

இங்கே இன்னொன்றையும் கருத வேண்டும். டல்சா அந்நாளில் எந்த மாநிலத்தையும் சேர்ந்திருக்கவில்லை. அப்பகுதி ‘இந்தியர் நிலம்’ எனப்பட்டது. 1907இல்தான் அது ஓக்லஹாமா மாநிலத்தோடு இணைந்தது. தங்கள் பூர்வீக நிலங்களிலிருந்து துரத்தப்பட்ட பழங்குடி மக்களை அமெரிக்க அரசு கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. அவர்களுக்கு ‘இந்தியர்’ என்ற பெயர் எவ்வாறு வந்தது? தாம் அடைந்தது இந்தியாவின் அருகிலுள்ள தீவுகளே என்று கொலம்பஸ் நம்பியதனால் வந்தது. ஆக, பெரிய இராட்டினம் கொலம்பஸின் விழாவில் பிறந்தது. ஆடும் கப்பலோ அவருடைய பிழையால் பெயர் பெற்ற நிலத்தில் வாழ்ந்தவரிடம் பிறந்தது. நம் திடலில் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இயந்திரக் கப்பல்

இன்று நாம் காணும் கப்பல், 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் ஐரோப்பியத் தொழிற்கூடங்களில் உருப்பெற்றதாகும். செருமனியின் துறைமுக நகரான பிரேமனில் இயங்கிய ஹஸ் நிறுவனம் அதனைக் ‘கடற்கொள்ளையன்’ என்ற பெயரில் வார்த்தது. சுவிட்சர்லாந்தில் தோன்றிய இன்டாமின் நிறுவனம் ‘பௌன்ட்டி’ என்று பெயரிட்டது. நெதர்லாந்தின் எஃப்டலிங் பூங்காவில் 1982இல் நிறுவப்பட்ட பெருங்கப்பலுக்கு ‘அரை நிலவு’ என்று பெயர். 1609இல் ஹென்றி ஹட்சன் என்ற மாலுமி ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செலுத்திய கப்பலின் பெயர் அது. 1693இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நம் புதுச்சேரியைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் ஆண்டதும் அதே கம்பெனிதான்.

பௌன்ட்டி என்பதும் வெறும் பெயரன்று. 1789இல் மாலுமிகள் கிளர்ச்சி செய்து கைப்பற்றிய ஆங்கிலக் கப்பல் அது. தாகித்தித் தீவிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்வதே அதற்கு இடப்பட்ட பணி. அங்குள்ள கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவான உணவு வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. விளையாட்டுக் கப்பல்களின் பெயர்களைச் சற்றே உரசினால், உள்ளிருந்து உண்மைக் கப்பல்களின் வரலாறு தலைகாட்டுகிறது.

இக்கருவி இயங்கும் முறை மிக எளிது. கப்பலின் அடிப்பகுதி வில்போல் வளைந்திருக்கும். அதன் கீழே, மேடையில், மோட்டாரால் சுழலும் ரப்பர் டயர் ஒன்றோ பலவோ பொருத்தப்பட்டிருக்கும். கப்பல் கீழே வரும்போதெல்லாம் அந்த டயர் அதன் அடிவயிற்றில் உராய்ந்து, அது போகும் திசையிலேயே சற்று உந்திவிடுகிறது. ஒரே உந்தலில் கப்பல் உயர்வதில்லை. ஒவ்வொரு முறையும் தக்க நேரத்தில் கிடைக்கும் சிறு உந்துதல் சேர்ந்து சேர்ந்து, பல டன் எடையுள்ள இரும்பை வானில் நிறுத்துகிறது. கை வேலையைச் செய்துகொண்டே காலால் தொட்டிலை ஆட்டும் தாய் அறிந்த வித்தையும் இதுவே. ஆட்டத்தை முடிக்க அதே டயரைக் கொண்டு வேகத்தைத் தடுப்பார்கள்.

பைசா நகர்ப் பேராலயத்தில் தொங்கிய விளக்கின் ஆட்டத்தைக் கண்டு இளைஞர் கலிலேயோ ஊசலின் இயல்பைச் சிந்திக்கத் தொடங்கினார் என்பது மரபுவழிச் செய்தி. சிறு ஆட்டங்களில், ஊசல் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்ததே அன்றி, அதில் தொங்கும் எடையைப் பொறுத்ததன்று. பத்து மீட்டர் நீளமுள்ள ஊசல் போய்வர ஆறு வினாடிக்குச் சற்று மேலாகும். ஆட்டம் பெரிதாகும்போது அந்நேரம் இன்னும் சிறிது நீளும். அறுபது பாகை உயரத்திலிருந்து வீழ்ந்து வரும் ஊசலில் அமர்ந்தவர், கீழ்ப்புள்ளியைக் கடக்கையில் தம் எடை இரு மடங்கானதாக உணர்வார். உச்சியில் அது பாதியாகக் குறையும். கப்பலின் இரு ஓரங்களில் அமர்ந்தவர்கள் நடுவில் இருப்போரைவிட மேலே எழுவதால், ஒரு நொடி இருக்கையைவிட்டே மிதப்பதுபோல் ஆகிவிடுகிறார்கள். ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்று நம் பிள்ளைகள் சொல்வது அந்த நொடியைத்தான். ஓர இடத்துக்கு இளைஞர் போட்டியிடுவதும், தாத்தாக்கள் நடுவிடம் தேடுவதும் இதனால்தான்.

இந்தியாவில் இத்தகைய கருவிகள் பெருகிய காலம் 1980களும் 1990களும் ஆகும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரைத் தாங்கி, 1984 நவம்பரில் தில்லியில் அப்பு கர் பூங்கா திறக்கப்பட்டது; 2008இல் அது மூடப்பட்டது. 1989இல் மும்பைக்கு அருகே எஸ்ஸெல் வேர்ல்டு தோன்றியது. குட்டிச்சாத்தான் திரைப்படத்தால் புகழ்பெற்ற நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவை அமைத்தார். பூங்காவில் கண்டதை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல நம் பட்டறைக்காரர்களுக்கு நெடுநாள் ஆகவில்லை. கழற்றி லாரியில் ஏற்றி, அடுத்த திருவிழாவில் மீண்டும் பூட்டக்கூடிய சிறு கப்பல்கள் உருவாயின. திடலில் படுத்துறங்கி, ஒவ்வொரு மரையாணியையும் கைவலிக்க முறுக்கி, நம் பிள்ளைகளின் உயிரைத் தம் பொறுப்பில் ஏற்கும் அந்தத் தொழிலாளரை நாம் கண்டும் காணாமலுமே போகிறோம்.

மேலை நாட்டார் கடற்கொள்ளையன் என்றும் அரை நிலவு என்றும் அழைத்த கப்பலை நம்மவர் கொலம்பஸ் என்றனர். அப்பெயருக்குரியவர் உண்மையில் ஆடிய ஆட்டத்தையும் நாம் அறிய வேண்டும்.

புயலில் ஒரு நேர்ச்சை

1492 ஆகஸ்டு 3ஆம் நாள் மூன்று கப்பல்களுடன் ஸ்பெயினின் பாலோஸ் துறையிலிருந்து புறப்பட்ட கொலம்பஸ், அக்டோபர் 12 அன்று கரிபியன் பகுதியில் தரையைக் கண்டார். அவர் சென்ற தலைமைக் கப்பலின் பெயர் சாந்தா மரியா. அது திரும்பி வரவில்லை. அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய இரவில் எல்லாரும் உறங்க, சுக்கானைச் சிறுவன் ஒருவனிடம் விட்டிருந்த வேளையில், இன்றைய ஹைத்தியின் கரையோரம் அது தரைதட்டிச் சிதைந்தது. அதன் மரங்களைக் கொண்டே ஒரு கோட்டை கட்டப்பட்டு ‘கிறிஸ்து பிறப்பு’ எனப் பொருள்படும் நவிதாத் என்ற பெயர் சூட்டப்பட்டது. அங்கு விடப்பட்ட 39 பேரில் ஒருவரும், மறு ஆண்டு கொலம்பஸ் திரும்பி வந்தபோது உயிரோடில்லை.

நீனியா என்ற சிறு கப்பலில் ஊர் திரும்பிய கொலம்பஸை 1493 பிப்ரவரியில் பெரும்புயல் தாக்கியது. நாட்குறிப்பில் 14ஆம் நாளுக்குரிய பகுதி அதை விவரிக்கிறது. மாலுமிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொண்டைக் கடலைகளை எடுத்து, ஒன்றில் மட்டும் கத்தியால் சிலுவைக் குறி கீறி, ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கினர். சிலுவைக் கடலை எவர் கையில் வருகிறதோ அவர், ஸ்பெயினிலுள்ள குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்துக்கு ஐந்து இராத்தல் எடையுள்ள மெழுகுத்திரியுடன் திருப்பயணம் செல்வதென்று நேர்ந்துகொண்டனர். முதலில் கைவிட்ட கொலம்பஸின் கையிலேயே அந்தக் கடலை வந்தது.

புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அன்னையிடம் நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணியில் கரையேறிய வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. மரணம் எதிரே நிற்கையில் மாலுமிகளின் நெஞ்சம் எங்கும் ஒன்றுபோலவே நடுங்குகிறது. திடலில் ஆடும் கப்பலில் நம் பிள்ளைகள் ‘அம்மா!’ என்று அலறுவதும் அந்த நடுக்கத்தின் விளையாட்டு நிழலே.

நேர்ச்சை கடலோடு முடியவில்லை. இரண்டாம் பயணத்தில், 1493 நவம்பரில், கருக்கேரா என்று பூர்வகுடியினர் அழைத்துவந்த தீவுக்குக் கொலம்பஸ் குவாதலூப்பே அன்னையின் பெயரைச் சூட்டினார். அத்திருத்தலத்தின் துறவியருக்குத் தந்த வாக்கின்படி அவ்வாறு செய்தார் என்று அவர் மகன் எழுதிய வரலாறு கூறுகிறது. 1496இல் அதே திருத்தலத்தில், அவர் கொண்டுவந்த பூர்வகுடியினர் இருவர் திருமுழுக்குப் பெற்றனர். கிறிஸ்தோபர், பேதுரு என்ற புதிய பெயர்கள் ஏட்டில் ஏறின. அவர்களைப் பெற்ற தாய்மார் இட்ட பெயர்கள் ஏறவில்லை. ஏடுகளைக் காக்கும் பணியில் இருக்கும் நம்மை இச்செய்தி உறுத்துகிறது.

கொலம்பஸுக்குப் பின் அத்தீவுகளில் நிகழ்ந்ததை மூடி மறைத்தல் முறையாகாது. தங்கத்துக்காகவும் கட்டாய உழைப்புக்காகவும், கூடவே வந்த நோய்களாலும், தைனோ மக்கள் சில பத்தாண்டுகளில் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். அதனைத் தம் கண்ணால் கண்டு, 1552இல் நூலாக வெளியிட்டு உலகுக்கு அறிவித்தவர் தொமினிக்கன் துறவியான பர்த்தலமே தெ லாஸ் காசாஸ். கொலம்பஸின் முதற் பயண நாட்குறிப்பு இன்று நமக்குக் கிடைத்திருப்பதும், அவர் எடுத்துவைத்த சுருக்கத்தால்தான். புயலில் நேர்ந்த நேர்ச்சையையும் கரையில் நடந்த கொடுமையையும் ஒரே கை பதிவு செய்துள்ளது.

ஒரேலி

மண்ணின் மைந்தர் அழிந்த தீவுகளில் கரும்பு பயிரிட, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். 1848 ஏப்ரல் 27 அன்று பிரெஞ்சு அரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. கரும்பு ஆலை முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். அவர்கள் பார்வை புதுச்சேரியின்மீதும் காரைக்காலின்மீதும் விழுந்தது.

1853 மே 6 அன்று, நம் மக்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்ற ஒரேலி என்ற கப்பல் மர்த்தினீக் தீவை அடைந்தது. மறு ஆண்டு டிசம்பர் 24 அன்று அதே ஒரேலி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட இன்னொரு கூட்டத்தாருடன் குவாதலூப் தீவின் புவேந்தாபித்ர் துறையை அடைந்தது. சாந்தா மரியா சிதைந்த அதே கிறிஸ்து பிறப்பு முந்திய நாளில், 362 ஆண்டுகளுக்குப் பின், கொலம்பஸ் பெயரிட்ட தீவில் தமிழர் இறங்கினர். இந்தியாவைத் தேடிப் போய் வழிதவறியவர் கண்ட தீவுக்கு, உண்மை இந்தியர் கூலிகளாகச் சென்று சேர்ந்தனர்.

அவர்கள் நம் கரையிலிருந்து ஏறிய விதத்தையும் எண்ணிப் பார்ப்போம். புதுச்சேரிக்கு அந்நாளில் துறைமுக மேடை கிடையாது; இரும்புப் பாலம் 1866இல்தான் கட்டப்பட்டது. பெருங்கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த சலங்குப் படகுகள், கரையோர அலைகளைத் தாண்டி ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வயலையன்றி வேறறியாத உழவரும், கைக்குழந்தையை அணைத்த பெண்களும் அந்தச் சலங்கின் ஆட்டத்தில்தான் கடலை முதன்முதல் உணர்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பாதுகாப்புக் கம்பி இல்லை. நடுவிடம் ஓரிடம் என்ற தேர்வும் இல்லை. கடற்கரையில் 1836 முதல் எரிந்துவந்த கலங்கரை விளக்கம் அவர்கள் கண்ணிலிருந்து மறைந்த பின், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம் தொடர்ந்தது. கொலம்பஸ் கானரித் தீவுகளைவிட்டுத் தரை காண ஐந்து வாரங்களே ஆயின.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு, முடிந்ததும் ஊர் திரும்பும் உரிமை உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. 1854க்கும் 1889க்கும் இடையே குவாதலூப் தீவுக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பி வந்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நோயும் கடும் உழைப்பும் மிகப் பலரை அங்கேயே புதைத்தன. எஞ்சியவர்கள் வேரூன்றினர். கொலம்பஸ் 1493இல் கரையிறங்கிய இடமாகக் கருதப்படும் கப்பெஸ்தேர் பகுதியில் இன்று தமிழர் வழிவந்தோரின் சாங்ஜி கோயில் நிற்கிறது. அதே ஊரில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். இந்தியத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் அவர் தொடங்கிய வழக்கும் போராட்டமும் 1923 வரை நீண்டு வெற்றி கண்டன. தில்லை நகரின் பெயரைத் தாங்கியவர் ஒருவர், கரிபியன் தீவொன்றில் தம் மக்களைக் குடிமக்களாக்கினார். இவ்வரலாற்றை நம் புதுச்சேரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

மீண்டும் திடலில்

அன்று மாலை அந்த அம்மையார் கப்பலில் ஏற விரும்பினார். நமக்கும் ஒரு சீட்டு வாங்கினார். அங்கியோடு ஏறிய நம்மைக் கண்டு மறைக்கல்விப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தனர். “ஃபாதர், கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க!” என்று கீழிருந்து ஒருவன் கூவினான். கப்பல் எழுந்தபோது கோயில் கோபுரமும், அதற்கப்பால் இருண்ட கடலின் ஒரு கீற்றும் தெரிந்தன. மறு வீச்சில் அவை மறைந்தன. நாம் கண்ணை மூடிக்கொண்டதை ஒப்புக்கொள்கிறோம். அவர் கண்ணைத் திறந்தபடியே கடல் தெரிந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நான்கு நிமிடங்களில் கப்பல் அடங்கி, ஏறிய மேடையிலேயே எங்களை இறக்கிவிட்டது. “என் பாட்டனாரின் பாட்டனாரை இப்படித் திரும்ப இறக்கிவிடவில்லையே” என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். நாம் மறுமொழி தேடினோம், கிடைக்கவில்லை. கோயிலுக்குத் திரும்பி, நவநாள் மன்றாட்டில் கப்பலேறிப் போய்த் திரும்பாத நம் ஊரார் அனைவரையும், சமயம் பாராது, நினைவுகூர்ந்தோம். அவர் கொண்டுவந்த தாளிலிருந்த பெயரை மக்கள் முன் உரக்கப் படித்தோம். புதுச்சேரி மண்ணில் அப்பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கலாம். முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த அவர் அழுதார்.

விளையாட்டுக் கப்பலின்மீது நமக்குப் பகையில்லை. பிள்ளைகள் அலறட்டும், சிரிக்கட்டும். அச்சத்தை விளையாடிப் பார்ப்பதும் வளர்ச்சியின் ஒரு பகுதியே. ஆனால் அதன் பெயரைக் கேட்கும் பிள்ளைக்கு நாம் மூன்று கப்பல்களின் கதையைச் சொல்லவேண்டும் என்று எண்ணுகிறோம்: திரும்பாத சாந்தா மரியா, புயலில் நேர்ந்துகொண்டு திரும்பிய நீனியா, நம்மவரைக் கொண்டுபோய் விட்ட ஒரேலி. முதல் இரண்டையும் பாடநூல்கள் சொல்லிவிடும். மூன்றாவதைச் சொல்லும் கடமை இவ்வூரில் வாழும் நம்முடையது.

சென்ற திருவிழாவில் மறைக்கல்விப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது நாம் அவ்வாறே செய்தோம். கதை முடிந்ததும் ஒரு சிறுமி, “அப்போ அந்தக் கப்பல்ல போனவங்க பேரெல்லாம் எங்கே இருக்கு ஃபாதர்?” என்று கேட்டாள். கடல் கடந்த தீவுகளின் ஆவணக் காப்பகங்களில் எண்களோடு இருக்கின்றன என்றோம். “நம்ம ஊர்ல?” என்றாள்.

அந்தத் தாளைப் படியெடுத்துத் திருமுழுக்கு ஏட்டின் அட்டைக்குள் வைத்திருக்கிறோம். இதுவரை அதில் ஒரு பெயர் உள்ளது.